வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி வாங்குமுன்



எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. "சார், மகள் படிப்புக்காகப் பட்டணத்தில் பழைய பிரிண்டர் ஒன்று வாங்கினேன். நூற்றைம்பது வெள்ளி. கொஞ்சம் பூட்டிக் கொடுங்கள்" என்றார். திறந்து பார்த்தேன். 'டாட் மேட்ரிக்ஸ்' என்னும் புள்ளி அச்சுப்பொறி அது. அதன் இணைப்புக் கம்பி பழைய அகலமான வகை. அவருடைய மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை. நாடா வெளிறிப்போயிருந்தது, அந்த மாதிரிக்கு வேறு நாடா எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. விற்றவரோ திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். மழையால் வெட்டு நின்று, சம்பளம் குறைந்திருந்த மாதம் அது. நூற்றைம்பது வெள்ளி அந்த வீட்டில் எத்தனை நாள் அரிசி, பருப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய நட்டம் உங்களில் யாருக்கும் நேரக்கூடாது. அதற்காகவே இன்று இந்தப் பேச்சு.

புள்ளி அச்சுப்பொறி எப்படி வேலை செய்கிறது? அதன் அச்சுத்தலையில் மெல்லிய ஊசிகள் வரிசையாக இருக்கும். மின்காந்த விசையால் ஒவ்வோர் ஊசியும் முன்னே பாய்ந்து, மை தோய்ந்த நாடாவைத் தாளின்மீது அடிக்கும். ஓர் அடிக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் ஓர் எழுத்து. பழைய தட்டச்சுப்பொறி நாடாவை அடிப்பதைப் போன்றதே இது. இப்படி அடித்து எழுதுவதால், கார்பன் படிகளையும் ஒரே வேளையில் எடுக்கலாம். மை பீய்ச்சும் 'இங்க்ஜெட்' பொறியாலோ, 'லேசர்' பொறியாலோ இது ஆகாது. மளிகைக் கடை வைத்திருப்பவர்களும், கோயில் வரவுசெலவுக்கு ரசீது போடுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. இங்க்ஜெட் பொறியைப் பல வாரம் தொடாமல் வைத்தால் அதன் மை காய்ந்து, நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். நாடாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுத்து மெல்ல மெல்ல மங்கும், அவ்வளவுதான். ஆனால் குறைகளையும் சொல்லவேண்டும் அல்லவா? வண்ணப் படங்களுக்கு இது ஏற்றதன்று. சத்தமும் அதிகம். பலகைச் சுவர் வைத்த வீடுகளில் இரவில் இதை ஓட்டினால், அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும்!

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வாங்கத்தான் வேண்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டணத்துக் கடையில் ஒரு தாள் அச்சிட 30 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 தாள் என்றால் செலவு 6 வெள்ளி. 600 வெள்ளி கொடுத்துப் பொறி வாங்கினால், அந்த முதலை எடுக்கவே 100 மாதம் ஆகும். அதாவது எட்டு ஆண்டுக்கு மேல்! தாளும் நாடாவும் இன்னும் கணக்கில் சேரவில்லை. இப்படிப்பட்ட வீடு கடையிலேயே அச்சிட்டுக்கொள்வது நல்லது.

மாதம் 200 தாள் தேவைப்பட்டால் நிலைமை வேறு. தாளும் நாடாவும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 5 காசு ஆனால், ஒரு பக்கத்துக்கு 25 காசு மிச்சம். மாதம் 50 வெள்ளி மிச்சம். ஓர் ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, மொத்தம் மாதம் 200 தாள் அச்சிட்டாலும் இதே பயன் கிட்டும். ஆகவே பொறியின் விலையைமட்டும் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், எத்தனை ஊசி என்று கேளுங்கள். 9 ஊசி, 24 ஊசி என இரு வகைகள் பரவலாக உண்டு. எப்சன் நிறுவனத்தின் எல்.எக்ஸ்.310 ஒன்பது ஊசி வகை, எல்.கியூ.310 இருபத்து நான்கு ஊசி வகை. இரண்டிலும் இக்காலக் கணினிக்கு ஏற்ற யூ.எஸ்.பி. இணைப்பு உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள ரசீதுக்கு 9 ஊசி போதும். ஆனால் நம் தமிழ் எழுத்தை எண்ணிப் பாருங்கள். 'ஞ', 'ணை' போன்றவற்றில் எத்தனை வளைவு, எத்தனை சுழி! பொதுவாக இந்தப் பொறிகளுக்குள் தமிழ் எழுத்து இருப்பதில்லை. கணினி அதைப் படமாக அனுப்ப, பொறி புள்ளி புள்ளியாக வரையும். அதனால் வேகம் குறையும், நாடாவும் விரைவில் மங்கும். பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்துக்கென்றால் 24 ஊசியே தெளிவாக இருக்கும்.

பழைய பொறி வாங்குவோர் நான்கு சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எடுக்கக்கூடாது.

முதலாவது, இணைப்பு. உங்கள் கணினியில் அது பொருந்துமா?

இரண்டாவது, நாடா. மாதிரியின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நாடா கிடைக்குமா, என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள்.

மூன்றாவது, தாள். துளையிட்ட தொடர்தாள் மட்டும்தான் போகுமா, சாதாரணத் தாளும் போகுமா? வீட்டுக்குச் சாதாரணத் தாள் போகவேண்டும்.

நான்காவது, சுயசோதனை. பல பொறிகளில் தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்விசையைப் போட்டால், கணினி இல்லாமலே எழுத்துகளை அடித்துக் காட்டும். எழுத்துகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு எல்லா வரியிலும் ஒரே இடத்தில் விழுந்தால், ஓர் ஊசி பழுது என்று பொருள். அச்சுத்தலையை மாற்றும் செலவு, பழைய பொறியின் விலையையே எட்டிவிடலாம். அதை வாங்காதீர்கள்.

அந்த அன்பர் மறுமுறை பட்டணம் போனபோது, இந்த நான்கையும் எழுதிய தாள் அவர் சட்டைப்பையில் இருந்தது. மாலையில் வெறுங்கையோடு திரும்பினார். "சோதனை போட்டுக் காட்ட மாட்டேன் என்றார் சார், வந்துவிட்டேன்" என்று சிரித்தார். அன்று அவர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அவருடைய உழைப்பின் காசு அவரிடமே இருந்தது.