எண்ணெய் இருந்தும் எரியும் விளக்கு

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்கு மேற்கே ரயில் பாதையைத் தாண்டினால் பார்க் எக்ஸ்ரென்சன். தமிழ்க் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் உள்ள பகுதி. அங்கிருந்து, 1933இல் திறக்கப்பட்ட இந்தச் சந்தைக்குக் காரில் வந்துபோக மொத்தமே சில கிலோமீற்றர்தான். வீட்டில் இரண்டு கார் இருந்தால் நல்லது வேலைக்குப் போகும். சந்தைக்கு வருவது பெரும்பாலும் பதினைந்து, இருபது வயதுக் கார். அதன் எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். குளிர்காலம் முழுக்க இப்படி ஓடிய கார், வெயில் வந்த ஒருநாள் பக்கத்து நகரான லாவல்வரை போய் நெரிசலில் ஊர்ந்து திரும்புகிறது. ஜான்-டலோன் வீதியில் சிக்னலில் நிற்கும்போது முகப்பில் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. அக்சிலேற்றரைச் சற்று அழுத்தினால் அணைகிறது.

"ஒயில் குறைஞ்சிட்டுது, ஒரு போத்தல் விடுங்கோ" என்பார் பக்கத்தில் இருப்பவர். பொனற்றைத் திறந்து அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. குறையவே இல்லை, கூடியிருக்கிறது. பிறகு ஏன் விளக்கு எரிகிறது?

விளக்கு எதைப் பார்க்கிறது?

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. அது அழுத்தத்தை மட்டுமே அறியும். பழைய கார்களில் எஞ்சின் உடலில் சிறு சுவிட்ச் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு, ஒரு சுருள்வில், ஒரு மின்தொடுகை. அழுத்தம் இல்லாதபோது வில் தொடுகையை மூடி வைத்திருப்பதால், மின்சாரம் எஞ்சின் உடல் வழியே சுற்றை முடித்து விளக்கை எரியவைக்கும். எண்ணெய் வந்து சவ்வைத் தள்ளியதும் தொடுகை பிரிந்து விளக்கு அணையும்.

பெரும்பாலான கார்களில் மெக்கானிக்குகள் பேசும் பி.எஸ்.ஐ. அலகில் 4 முதல் 7க்குள் இது நடக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் நல்ல எஞ்சினுக்குள் 40 முதல் 60 வரை இருக்கும். அதாவது 50இல் நிற்கவேண்டிய அழுத்தம் 15க்கு விழுந்தாலும் இந்த விளக்கு ஒன்றும் சொல்லாது. அது எரியாமல் இருப்பதை எஞ்சினின் நலத்துக்குச் சான்றாகக் கொள்ளமுடியாது. எரியத் தொடங்கும்போதோ காலம் கடந்திருக்கலாம்.

அழுத்தம் எங்கே பிறக்கிறது?

எஞ்சினின் அடித்தொட்டியில் நான்கைந்து லீற்றர் எண்ணெய் கிடக்கிறது. பல்சக்கர பம்ப் அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாக கிராங்க் தண்டின் பெயரிங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை எண்ணெய் என்று தள்ளுவதோடு பம்பின் வேலை முடிந்தது. அழுத்தத்தை உண்டாக்குவது, அந்த எண்ணெய் வெளியேறும் வழியின் இடுக்கம். தோட்டத்து றப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதே சங்கதிதான்.

தண்டுக்கும் பெயரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவு ஒடுங்கிய பிளவில் கசியும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். தேய்ந்து இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். எண்ணெயின் பாகுநிலை பாதியானால் கசிவு இரட்டிப்பாகும். ஆக, விளக்கின் பின்னால் மூன்று கணக்குகள் இருக்கின்றன: பம்ப் எவ்வளவு தள்ளுகிறது, இடைவெளி எவ்வளவு அகன்றிருக்கிறது, எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது.

சிக்னலில் நிற்கும் பழைய காரில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பாதகமாகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் பம்ப் குறைவாகத் தள்ளுகிறது. சூட்டில் எண்ணெய் இளகியிருக்கிறது. பெயரிங்குகளோ ஏற்கெனவே தேய்ந்தவை. அக்சிலேற்றரை அழுத்தியதும் விளக்கு அணைவது, பம்பின் வரத்து கூடுவதால்தான்.

பெயரிங்குக்குள் நடப்பதை முதலில் தற்செயலாகக் கண்டவர் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர். இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக அச்சுகளின் உராய்வை ஆராய்ந்த அவர், பெயரிங்கின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்கு ஒரு துளை போட்டார். தண்டு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரமுளையை இறுக்கினார்; அதுவும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, சராசரிச் சுமை 100 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்த இடத்தில் முள் 200ஐத் தாண்டியது. 1883இல் இந்த முடிவுகள் வெளியாயின. 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார்: சுழலும் தண்டு எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்கிற்குள் தானே இழுத்துச் செல்கிறது, அங்கே எழும் அழுத்தம் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

எனவே தண்டைத் தாங்குவது பம்பின் அழுத்தம் இல்லை. பம்ப் அந்தப் படலத்துக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரிந்தால் ஊட்டம் அறுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது முழுதாக நின்றால், பெயரிங் உருகிப் பிடித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும்.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்

அளவுக்கம்பியில் எண்ணெய் ஏறியிருந்ததற்கு வருவோம். அடித்தொட்டியில் எண்ணெய் தானாகப் பெருகாது. வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் முழுதாக ஆவியாவதில்லை. எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் இறங்குகின்றன. நீண்டதூரம் ஓடினால் எண்ணெய் 100 பாகையளவு சூடேறி, அந்தப் பெற்றோலில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். சந்தைக்கும் வீட்டுக்குமான ஓட்டத்தில் அது நடப்பதே இல்லை. வாரத்துக்கு வாரம் பெற்றோல் சேர, எண்ணெய் நீர்க்கிறது.

இதே நிகழ்வை இதைவிடக் கடுமையாக அனுபவித்த ஊர் யாழ்ப்பாணம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எட்டாக்கனியானபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. ஆனால் மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 முதல் 300 பாகைக்குள் கொதிப்பது. ஒருமுறை அடித்தொட்டிக்குள் இறங்கினால், எண்ணெயின் சூட்டில் அது ஆவியாகி வெளியேறாது. எவ்வளவு தூரம் ஓடினாலும் தீராது. எண்ணெயை மாற்றுவதே வழி. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பழைய டிராக்டர்களிலும் இதே தொல்லை இருந்தது.

கேம்பிரிட்ஜ் காரின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 2014 வரை தயாரான இந்திய அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த எஞ்சினும் ஒரே பிரிட்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. தேய்ந்த பெயரிங்கும் மினுங்கும் விளக்கும் கொண்ட இத்தகைய எஞ்சின்களுக்கு வெப்ப நாடுகளின் கராஜ்களில் ஒரு கைவைத்தியம் உண்டு: கெட்டியான எண்ணெய். 20டபிள்யூ-50ஐ ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. பாகுநிலை கூடினால் கசிவு குறையும், அழுத்தம் ஏறும். தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும். முப்பது பாகை வெயிலில் அந்தக் காரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம்.

அந்த வைத்தியம் இங்கே பலிக்காது

மொன்றியலில் ஜனவரி இரவு −20ஐத் தாண்டுவது புதினமில்லை. 1957 ஜனவரி 15 அன்று −37.8 பாகை வரை இறங்கியது. எண்ணெய்ப் போத்தலில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. எஸ்.ஏ.ஈ. ஜே300 தரத்தின்படி 20டபிள்யூ எண்ணெயை பம்ப் இழுக்குமா என்று சோதிப்பது −20 பாகையில். 5டபிள்யூவுக்கு அது −35, 0டபிள்யூவுக்கு −40. கடுங்குளிரில் எண்ணெயின் பாகுநிலை சூடான எஞ்சினில் இருப்பதைப்போலப் பல நூறு மடங்காகிவிடுகிறது.

தடித்த எண்ணெய் என்றால் அழுத்தமும் கூடத்தானே வேண்டும்? பம்புக்கு எண்ணெய் வந்து சேர்ந்தால் கூடும். 1980–81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து சூ ஃபால்ஸ் நகரில் பல எஞ்சின்கள் பழுதாகின. அந்தக் காலத்துச் சோதனைகளில் தேறிய எண்ணெய்கள்தான் அவற்றில் இருந்தன. மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது அவை கூழாகிவிட்டன. பம்ப் முதல் மிடறை உறிஞ்சியதும் உறிஞ்சுகுழாயைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்தது. சுற்றியிருந்த எண்ணெய் அதை நிரப்ப வழிந்து வரவில்லை. பம்ப் காற்றை இழுத்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருக்க, பெயரிங்குகள் வறண்டன. அதன் பிறகே எண்ணெயை மெல்லக் குளிரவைத்துச் சோதிக்கும் முறை தரத்துக்குள் சேர்ந்தது.

கோடையில் விளக்கை அணைக்கவென்று ஊற்றிய கெட்டி எண்ணெய், பனிக்காலத்தின் ஒரு காலையில் எஞ்சினையே கொன்றுவிடலாம். குளிரில் கிளப்பியதும் விளக்கு சில விநாடிகளுக்கு மேல் அணையாமல் நின்றால், சூடானால் சரிவரும் என்று காத்திருக்கவே கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது?

ஓடும்போது விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துவதுதான் முதல் வேலை. கராஜ் பக்கத்தில்தானே என்று ஓட்டிப்போவது, சிறு செலவைப் புதிய எஞ்சினாக மாற்றும் வழி. சில நிமிடம் கழித்து அளவுக்கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்று தேடவேண்டும். வீதி உப்பு அடித்தொட்டியின் தகட்டை அரித்துத் துளையிடுவது இந்த ஊரில் வழமை. அண்மையில் எண்ணெய் மாற்றியிருந்தால், பழைய வடிகட்டியின் றப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டியிருக்க, அதன் மேல் புதியது பூட்டப்பட்டதா என்றும் பார்க்கவேண்டும். மட்டம் கூடியிருந்தால் மோந்து பாருங்கள்: பெற்றோல் நாற்றம் அடித்தால் எண்ணெய் நீர்த்திருக்கிறது. பால் கலந்த நிறமாக இருந்தால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கலாம்; குறுகிய ஓட்டங்களில் சேரும் ஈரத்தாலும் மூடியின் அடியில் சிறிது வெண்மை படியும்.

எண்ணெய் சரியென்றால் விளக்கைச் சோதிக்கவேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது எரியவேண்டும். எரியாவிட்டால் பல்போ வயரோ சுவிட்சோ போய்விட்டது. அது எரியும் விளக்கைவிட ஆபத்து. பிறகு சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினால் அணையவேண்டும். கழற்றியும் எரிந்தால், உறை கிழிந்த வயர் எங்கோ உலோகத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றை வயர் சுவிட்ச் உள்ள பழைய கார்களுக்கே இது பொருந்தும். பிந்திய கார்களில் இடையில் கணினி இருக்கிறது.

இவ்வளவும் தேறிய பிறகு, கராஜில் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் முள் காட்டும் அழுத்தமானியைப் பூட்டச் சொல்லுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நின்ற ஓட்டத்திலும் 2000 சுற்றிலும் பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அந்தக் காரின் கைந்நூலில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. அழுத்தம் நன்றாக இருந்தால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. சொற்பச் செலவோடு முடியும். குளிரில் நிறைய, சூட்டில் மிகக் குறைய என்றால் எண்ணெய் நீர்த்திருக்கிறது அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது. சரியான தர எண்ணெயை மாற்றி மறுபடி அளந்தால் இரண்டில் எது என்று தெரியும். குளிரிலும் சூட்டிலும் குறைவென்றால் பம்ப், திறந்தபடி சிக்கிய அழுத்தத் தணிப்பு வால்வு, கசடு அடைத்த உறிஞ்சுவலை ஆகியவற்றில் ஒன்று. வேகம் கூடக்கூட அழுத்தம் விழுந்தால் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும்.

சந்தைக்கு மட்டும் ஓடும் காருக்குக் குளிர்காலத்தில் எண்ணெயைச் சீக்கிரமாக மாற்றுவதும், இடைக்கிடை நெடுஞ்சாலையில் அரை மணிக்கு மேல் ஓட்டிவருவதும் செலவு குறைந்த தற்காப்பு. விளக்கு எரிந்துவிட்டால், எந்த எண்ணெயை ஊற்றுவது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மானியின் முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பழைய காருக்குச் செலவழிப்பதா, விடைகொடுப்பதா என்று முடிவெடுக்கமுடியும்.