ஆய்வுரைப் பத்தியின் உறுப்புகள்

மாணவர் எழுதும் ஆய்வுரைகளில் நாம் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. பத்தியின் தொடக்கத்தில் ஒரு கருத்து நிற்கும். அதன்பின் நூலிலிருந்து ஒரு சான்று வரும். உடனே வேறொரு கருத்துத் தொடங்கிவிடும். அச்சான்று அக்கருத்தை எங்ஙனம் நிறுவுகின்றது என்னும் விளக்கம் மட்டும் இராது. நடை பிழையற்றதாயினும், சான்று பொருத்தமானதாயினும், அத்தகைய பத்தி செய்தித் தொகுப்பேயன்றி ஆய்வாகாது. இக்குறையை நீக்குதற்கு வேண்டிய அமைப்பு நம் பழைய நூல்களிலேயே உள்ளது.

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியை விளக்குமிடத்துப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கூறுகின்றார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையைக் காட்டுதல் திட்டாந்தம். இம்மலையும் புகையுடைத்து எனப் பொருத்துதல் உபநயம். ஆதலின் நெருப்புடைத்து என முடித்தல் நிகமனம். பின்னிரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று அந்நூல் கூறும். எனினும், எழுதப் பழகுவோர் ஐந்தனையும் தனித்தனியே கொள்ளுதல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காண்போம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன், ஆராயத் தவறியவன் என்று ஒரு மாணவர் எழுதப் புகுகின்றார் எனக் கொள்வோம். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததைக் கண்டு அவன் உயிர்நீத்தான் எனச் சான்று காட்டி அவர் பத்தியை முடித்துவிடின், புகையைக் காட்டினாரேயன்றிப் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டினாரல்லர். அவன் அச்சத்தால் இறந்திருத்தல் கூடாதோ என ஒருவர் வினவின், அப்பத்தியில் விடை இல்லை.

அவர் எழுதாது விட்ட தொடர்கள் இவை: கொடுங்கோலன் தன் தீர்ப்புப் பிழையென வெளிப்பட்டவழி, அதனை மறைக்கவோ பழியைப் பிறர்மேல் ஏற்றவோ முயல்வான். பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழியை ஏற்றித் தான் நீங்கியிருக்க இயலும். அவனோ அப்பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தன்னையே கள்வன் என்கின்றான். ஆதலின் அவன் அறம் அறியாதவன் அல்லன். அறிந்திருந்தும் ஆராயாது ஆணையிட்டவன். இங்ஙனம் கூறுவதால் கோவலன் கொலைக்குரிய பொறுப்பு அவனை விட்டு நீங்காது என்பதனையும் ஒரு தொடரிற் குறித்தல் நடுவுநிலைமையாம்.

இவ்வுறுப்புகள் அமைந்தபின் நோக்கத்தக்கது பத்தியின் ஒழுங்கு. பவணந்தியார் நன்னூலில் தொகுத்த பத்துக் குற்றங்களுள் இரண்டு பத்திக்கு மிகவும் பொருந்துவன. பாண்டியனைப் பற்றிய பத்தியில் மதுரையின் சிறப்பைப் பாராட்டப் புகுதல் மற்றொன்று விரித்தலாம். முதல் தொடரையே சொல் மாற்றி இறுதியில் வைத்தல் கூறியது கூறலாம். நிகமனம் பக்கத்தை மீண்டும் சொல்வது போலத் தோன்றினும், அஃது இடையில் பெற்ற காரணத்தின் வலிமையோடு வருதல் வேண்டும்.

வகுப்பில் இதனைப் பயிற்றும் முறை எளிது. ஒரு நல்ல பத்தியின் தொடர்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி, வரிசை மாற்றிக் கொடுத்து, முறைப்படுத்தச் செய்யலாம். பின்னர் மாணவர் தாம் எழுதிய பத்தியின் ஒவ்வொரு தொடர்க்கும் எதிரே அஃது எவ்வுறுப்பு எனக் குறித்தல் வேண்டும். எவ்வுறுப்பும் ஆகாத தொடர் நீக்கத்தக்கது. சான்றை அடுத்துக் காரணம் இல்லையாயின் அவ்விடம் நிரப்பத்தக்கது. ஆசிரியர் 'விளக்கம் போதாது' என்று மட்டும் குறியாது, எவ்வுறுப்பு இல்லை என்று குறித்தல் பெரிதும் பயன்தரும்.

தேர்வுக்கென மனப்பாடம் செய்த கருத்தை எவரும் எழுதிவிடலாம். காரணம் காட்ட அறியாத மாணவர்க்கு அக்கருத்தை மறுப்பார்முன் காக்கவும் இயலாது; தவறெனின் தாமே திருத்திக்கொள்ளவும் இயலாது. இலக்கியம் கற்போர் பிறர் முடிபுகளைச் சுமப்பவராக நின்றுவிடாது தாமே முடிவு காண்பவராக வளரவேண்டுமாயின், இப்பயிற்சியை முதலாண்டிலேயே தொடங்குதல் இன்றியமையாதது.