எட்டரை சதவீத விமானம்

பறக்கும் பொறிகள் – 14

சென்ற வாரம் பால்சா மரத்திலும் தெர்மகோலிலும் செய்து, கையால் வீசிப் பறக்கவிடும் மாதிரி விமானங்களைப் பார்த்தோம். இந்த வாரம் அளவை அடியோடு மாற்றிக்கொள்வோம். இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் இடையே ஆறு மீட்டருக்கும் மேல். எடை ஏறக்குறைய 230 கிலோ. முதுகில் மூன்று ஜெட் எஞ்சின்கள். உள்ளே ஆள் கிடையாது. இவ்வளவு பெரியதாக இருந்தும் இது ஒரு மாதிரி விமானம்தான். பெயர் எக்ஸ்-48பி. போயிங் வடிவமைத்தது; நாசாவும் அமெரிக்க விமானப்படை ஆய்வகமும் உடன் நின்றன; இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனம் இரண்டு விமானங்களைக் கட்டிக் கொடுத்தது.

இதை எதற்காகக் கட்டினார்கள் என்பதிலிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும். நாம் ஏறிப் போகும் பயணிகள் விமானம் எல்லாமே ஒரு குழாய், அதற்கு இரண்டு இறக்கை, பின்னால் ஒரு வால் என்ற அமைப்புதான். பல பத்தாண்டுகளாக இதில் பெரிய மாற்றம் இல்லை. நெடுந்தூர விமானங்களுக்கு இதைவிட நல்ல வடிவம் கிடையாதா என்று 1988-இல் நாசா லாங்லி ஆய்வகத்தின் டென்னிஸ் புஷ்னெல் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ராபர்ட் லீபெக்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய வடிவத்தில் உடல் எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. முழு விமானமும் திருக்கை மீன்போல அகன்று கிடக்கும். வால் இல்லை.

வால் இல்லாததுதான் சிக்கல். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிக்கொண்டால் அதைக் கீழே இறக்குவது வால்தான். மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு நெம்புகோலின் பலம் உண்டு. அது இல்லாத விமானம் ஸ்டால் ஆகும் நேரத்தில், அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்தும் நேரத்தில், என்ன செய்யும்? மீண்டு வருமா, காற்றில் குட்டிக்கரணம் அடிக்குமா? 240 அடி இறக்கையுள்ள விமானத்தைக் கட்டி, அதில் ஒரு பைலட்டை ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை இது. அதனால் 8.5 சதவீத அளவில் மாதிரி கட்டினார்கள். 240 அடி 20.4 அடியாயிற்று.

இந்த மாதிரிக்குக் கடையில் கிட் கிடையாது. மேல்தோல் கார்பன் ஃபைபர் கூட்டுப்பொருள். இத்தகைய தோலை எப்படிச் செய்வார்கள் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் விமானத்தின் வடிவத்தையே கடைந்து, தேய்த்து, மெருகேற்றுவார்கள். அதன்மேல் அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் கார்பன் துணியை ரெசினுடன் அடுக்கடுக்காகப் படியவைத்து, இறுக்கி, சூட்டில் பதப்படுத்துவார்கள். வேலை தெரிந்தவர்களுக்குப் பழகிய முறை. இந்த மாதிரியைக் கட்டியவர்களுக்கு உண்மையான சோதனை எடையில்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 8.5 சதவீதம் என்றால் நீளம் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. பரப்பு 138-இல் ஒரு பங்கு. கன அளவு 1,628-இல் ஒரு பங்கு. மாதிரி பெரிய விமானத்தைப்போலவே அசைய வேண்டுமானால் எடையும் 1,628-இல் ஒரு பங்காக இருந்தாக வேண்டும். அந்த 230 கிலோவை 1,628-ஆல் பெருக்கினால் சுமார் 375 டன். ஒரு ஜம்போ ஜெட்டின் எடைக்குப் பக்கத்தில் வருகிறது. கட்டும்போது 100 கிராம் போல்ட் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால், பெரிய விமானத்தில் 163 கிலோ ஏறியதற்குச் சமம். இரண்டு பயணிகள் கூடுதலாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், பேட்டரி, கேமரா, எரிபொருள், ஆபத்து நேரத்துக்கான பாராசூட் எல்லாமே இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். கண்காட்சியில் பறக்கவிட மாதிரி கட்டுபவர் எடையை முடிந்தவரை குறைத்தால் போதும். இங்கே கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மொத்த எடை சரியாக வந்துவிட்டதாலேயே வேலை முடியாது. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பள்ளி இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். ஒரு கிலோ நடுவில் இருந்தால் விமானம் சட்டென்று உருளும். அதே ஒரு கிலோ இறக்கை நுனியில் இருந்தால் தயங்கித் தயங்கித்தான் உருளும். இது நீளத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. 8.5 சதவீத மாதிரிக்கு அது இரண்டேகால் லட்சத்தில் ஒரு பங்கு. இதை அளக்க ஒரு பழைய முறை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மாதிரியை ஒரே நீளமுள்ள இரண்டு கயிறுகளில் கிடையாகத் தொங்கவிடுவார்கள். மெல்லத் திருகிக் கையை எடுத்துவிடுவார்கள். அது வலமும் இடமுமாக ஆடத் தொடங்கும். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்த்தால், கயிற்றின் நீளமும் இடைவெளியும் எடையும் தெரிந்திருப்பதால், திருப்புத்திறன் கணக்கில் வந்துவிடும். ஆட்டம் மெதுவாக இருந்தால் எடை ஓரங்களில் தங்கியிருக்கிறது என்று பொருள். பேட்டரியையோ ஈயக்கட்டியையோ உள்ளே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் ஈர்ப்பு மையம் இடம் மாறும். அதைச் சரிசெய்தால் மறுபடியும் ஆட்டம் மாறும். பொறுமையைச் சோதிக்கும் இந்த வேலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. மாதிரி உண்மையைச் சொல்லுமா பொய்யைச் சொல்லுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

எடை இப்படிப் பொருந்திவிட்டால் காலமும் சுருங்கும். இந்த மாதிரியின் அசைவுகள் பெரிய விமானத்தைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு விரைவானவை. பெரிய விமானத்தில் 7 விநாடி எடுக்கும் சரிவு, மாதிரியில் 2 விநாடியில் நடந்து முடிந்துவிடும். பெரியது மணிக்கு 260 கிலோமீட்டரில் தரையிறங்கும் என்றால் மாதிரி சுமார் 75 கிலோமீட்டரில் இறங்கும். தரையில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, மூக்கில் பொருத்திய கேமரா காட்டும் காட்சியைப் பார்த்து ஓட்டும் பைலட்டுக்கு யோசிக்க நேரமே இருக்காது. அவருக்கும் விமானத்தின் இருபது அசையும் பரப்புகளுக்கும் நடுவே கம்ப்யூட்டர் நின்றது. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிப்பதும் இந்தப் பறத்தல்களின் முக்கிய நோக்கம்.

எஞ்சின் விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த மூன்றும் ஜெர்மனியின் ஜெட்கேட் நிறுவனம் செய்தவை. வார இறுதியில் ரிமோட் விமானம் பறக்கவிடுபவர்கள் வாங்கும் அதே வகைச் சிறு ஜெட். மூன்றும் சேர்ந்து சுமார் 70 கிலோ உந்துவிசை தரும். பொழுதுபோக்குக்காரர்கள் இருந்ததால்தான் இவ்வளவு சிறிய ஜெட் எஞ்சினுக்குச் சந்தை உண்டாயிற்று; அந்தச் சந்தை இருந்ததால்தான் நாசாவுக்கு எஞ்சின் தயாராகக் கிடைத்தது. இதற்கு முன்பும் இதே வடிவத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 17 அடி மாதிரி ஒன்றைக் கட்டி 1997-இல் பறக்கவிட்டார்கள். மாதிரி விமானக்காரர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய மாதிரியை நம்பி ஆபத்தான சோதனைகளில் இறங்கும் வழக்கமும் புதிதில்லை. 1973-இல் எஃப்-15 போர் விமானத்தின் எட்டில் மூன்று பங்கு மாதிரியை பி-52 விமானத்தின் இறக்கையில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோய் விட்டார்கள். தரையிலிருந்து ஓட்டியவர் ஐனர் எனவோல்ட்சன். முழு விமானம் ஒன்றின் விலை 68 லட்சம் டாலர். மாதிரி ஒன்றுக்கு ஆன செலவு இரண்டரை லட்சம் டாலர். சுழன்று விழும் நிலையில் அந்தப் போர் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யார் உயிரையும் பணயம் வைக்காமல் அறிய முடிந்தது.

எக்ஸ்-48பியின் இரு விமானங்களில் ஒன்று 2006-இல் லாங்லியின் முழு அளவுக் காற்றுச் சுரங்கத்துக்குப் போனது. 9 மீட்டர் உயரமும் 18 மீட்டர் அகலமும் கொண்ட பிரமாண்டமான சுரங்கம் அது. மற்றது 2007 ஜூலை 20 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எழும்பியது. 7,500 அடி உயரம், 31 நிமிடம், பத்திரமான தரையிறக்கம். 2010-க்குள் 92 முறை பறந்தது. பிறகு இரண்டு எஞ்சின்களுடன் எக்ஸ்-48சி ஆக மாற்றி, 2012–13-இல் இன்னும் 30 முறை பறக்கவிட்டார்கள். ஸ்டால் நிலைக்கு வேண்டுமென்றே தள்ளிப் பார்த்தார்கள். விமானம் எல்லை மீறாமல் மென்பொருள் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். வாலில்லாத இந்த வடிவத்தைக் குறைந்த வேகத்தில் பாதுகாப்பாகக் கட்டுப்படுத்த முடியும் என்ற பதில் கிடைத்தது.

எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்விக்கு இந்த மாதிரி பதில் சொல்லாது. காற்றை யாரும் 8.5 சதவீதமாகக் குறைக்க முடியாது. அது அதே காற்றுதான். சிறிய இறக்கைக்கு அது கூடுதலாகப் பிசுபிசுக்கும். ரெனால்ட்ஸ் எண் என்று பொறியாளர்கள் சொல்லும் அளவு இந்த மாதிரியில் நாற்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே இழுவையை இதிலிருந்து அப்படியே நம்ப முடியாது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நடப்பதும் இதில் தெரியாது. எதைக் கேட்டால் இந்த மாதிரி பதில் சொல்லுமோ அதை மட்டும் கேட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது அதனால்தான்.

இந்த வடிவம் அத்துடன் நின்றுவிடவில்லை. ஜெட்ஸீரோ நிறுவனம் இதே வகையில் முழு அளவு விமானம் கட்ட 2023-இல் அமெரிக்க விமானப்படை 23.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த நிறுவனமும் முதலில் கையில் எடுத்தது ஒரு மாதிரியைத்தான், இம்முறை 12.5 சதவீதம்.

நம் ஊர்க் கல்லூரிகளில் ஏரோநாட்டிகல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 டிரோன் விதிகளின்படி படிப்புக்காகவும் ஆய்வுக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாதிரிகளுக்கு வகைச் சான்று தேவையில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மாதிரி கட்டும்போது பெயின்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் செலவிடும் நேரத்தில் பாதியைத் தராசுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுதுங்கள். இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் விமானத்தின் படத்துக்குப் பதிலாக அந்த எடைப் பட்டியல் இருக்கட்டும்.

(தொடரும்)