கையடக்க வானொலி

கண்ணின் ஆற்றல் ஓர் எல்லைக்கு உட்பட்டது. சுவர் ஒன்று குறுக்கே நின்றால் அதற்கு அப்பால் நிகழ்வதைக் கண் அறியாது. செவியோ அத்தகைய தடைகளைக் கடந்து செய்தியைக் கொணர்ந்து தருகின்றது. திருவள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்திருப்பதை நாம் அறிவோம். கேள்விச் செல்வத்தை நாம் செல்லுமிடமெல்லாம் கொண்டு செல்ல உதவும் கருவி கையடக்க வானொலி. அதனைத் தேர்ந்து வாங்கும் முறையை இங்கே காண்போம்.

சென்னையின் வடபால், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ளது விம்கோ நகர். தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரால் வழங்கும் அவ்வூரில்தான் நான் வாழ்ந்து வருகின்றேன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இப்பொழுது கப்பலில் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். அவன் மோட்டார்ப் பந்தயங்களில் பெருவிருப்பம் உடையவன். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபொழுது ஒருநாள் என் இல்லத்திற்கு வந்தான். “ஐயா, பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் நகரில் நடைபெறும் பந்தயத்தைக் காணச் செல்ல எண்ணியுள்ளேன். அங்கே வருணனை கேட்பதற்கு ஒரு சிறு வானொலி வேண்டும். எதனை வாங்கலாம்?” என்று வினவினான்.

“தம்பி, இலக்கணம் கேட்க வேண்டிய என்னிடம் வானொலி கேட்கின்றாயே!” என்று நகைத்தேன். ஆயினும், இளமை முதல் வானொலியோடு பழகியவன் ஆதலின், அவன் வினாவிற்கு விடை கூற இசைந்தேன்.

பந்தயத்தை நேரில் காணச் செல்பவனுக்கு வானொலி எதற்கு என்று நீங்கள் ஐயுறலாம். விம்கோ நகருக்கு மேற்கே சோழவரம் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பெற்றது. போர் முடிந்தபின் அவ்வோடுதளம் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. 1953ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. என் இளமையில் ஒருமுறை நானும் அங்குச் சென்றிருந்தேன். வண்டிகள் இடியென முழங்கிக்கொண்டு எம்மைக் கடந்தன. கணப்பொழுதில் புழுதியுள் மறைந்தன. முந்துபவர் யார், பிந்துபவர் யார் என்பது எமக்குப் புலப்படவில்லை. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஏதோ கூறியது. வண்டிகளின் முழக்கம் அதனை விழுங்கிவிட்டது. பந்தயத்தைக் கண்டும் காணாதவர்களாகவே வீடு திரும்பினோம்.

பின்னர் 1990ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை ஏற்பட்டது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர். லெ மான் பாதையோ 13.626 கிலோமீட்டர் நீளமுடையது. 1923ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பந்தயம் 24 மணி நேரம் இரவு பகலாக நடப்பது. கண்முன் கடந்த வண்டி மீண்டும் வருவதற்கு மூன்று மணித்துளிகளுக்கு மேலாகும். அதற்குள் அவ்வண்டி முந்தியதா, பழுதுற்று நின்றதா என்பதைக் கண் எவ்வாறு அறியும்? அதனால்தான் அக்களத்தில் பண்பலை வானொலி வழியே பந்தய வருணனை ஒலிபரப்பப்படுகின்றது. பாதையின் ஒரு மூலையில் நிற்பவனுக்கு முழுப் பாதையையும் காட்டும் கண்ணாடியாக அவ்வருணனை விளங்குகின்றது.

“கைப்பேசியிலேயே கேட்கலாமே” என்று சிலர் கூறுவர். பல்லாயிரவர் கூடும் இடத்தில் கைப்பேசித் தொடர்பு நெரிசலுற்றுத் தடைப்படுதல் இயல்பு. அன்றியும், இணைய வழியே வரும் ஒலி பல நொடிகள் தாழ்ந்தே செவிக்கு எட்டும். மணிக்கு 180 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கும். ஒலி 20 நொடி தாழ்ந்து வருமாயின், வருணனையாளர் கூறும் இடத்தைவிட்டு அவ்வண்டி ஒரு கிலோமீட்டர் சென்றிருக்கும். நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்லும் வானொலி அலைக்கோ அத்தகைய தாழ்ச்சி இல்லை.

இனி, வானொலியைத் தேரும் முறையைக் கூறுவேன். முதற்கண் அறியத்தக்கது அலையின் இயல்பு. மத்திய அலை நிலத்தை ஒட்டி நெடுந்தொலைவு செல்லும். இரவில் இன்னும் தொலைவிற்கு எட்டும். பண்பலையோ ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. ஆதலின் அதன் எல்லை சிறிது. ஆயினும், பண்பலையின் ஒலி தெளிவு மிக்கது. பெட்ரோல் எஞ்சினுள் தோன்றும் மின்பொறியும், வானத்து மின்னலும் மத்திய அலையில் கரகரப்பை உண்டாக்கும். பண்பலை அக்கரகரப்பால் பெரிதும் தாக்குறாது. எனவே, பந்தயக் களத்திற்குப் பண்பலை ஏற்றது. தொலைதூர நிலையத்தைக் கேட்க மத்திய அலை ஏற்றது. இரண்டும் அமைந்த வானொலியே வாங்கத்தக்கது. பந்தயத்திற்குச் செல்லுமுன், அங்கே வருணனை ஒலிபரப்பு உண்டா, அது எந்த அலைவரிசையில் வருகின்றது என்பவற்றையும் கேட்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, குரலின் தெளிவு. கடைக்காரர் பாட்டு ஒன்றை உரக்க ஒலிக்கச் செய்து நம்மை மயக்குவார். பாட்டு இனிமையாகக் கேட்பதனால் பேச்சும் தெளிவாகக் கேட்கும் என்பதில்லை. வருணனை என்பது பேச்சு. ஆகவே, செய்தி வாசிக்கும் நிலையம் ஒன்றைத் திருப்பி, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டல் வேண்டும். லகர, ளகர, ழகரங்கள் வேறுவேறாகச் செவியில் விழுமாயின் அவ்வானொலி நன்று.

மூன்றாவது, செவியின் காப்பு. இதனை நீங்கள் சிறப்பாக மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாள் ஒன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்டல் தீங்கு என்பர் அறிஞர். ஓசை ஒவ்வொரு 3 டெசிபெல் உயரும்போதும் அக்கால எல்லை பாதியாகக் குறையும் என்பது அவர்கள் வகுத்த ஒரு கணக்கு. அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஓசையைத் தாங்கத்தக்க காலம் 15 மணித்துளியே. பந்தய வண்டிகளின் முழக்கமோ அந்த அளவையும் கடக்க வல்லது. அம்முழக்கத்தை வெல்லும் பொருட்டு வானொலியின் ஒலியை மேன்மேலும் உயர்த்துவது, தீயை அணைக்க நெய் வார்ப்பது போன்றது. புறத்து ஓசையைத் தடுக்கும்படி காதை முழுதும் மூடும் காதொலிப்பானை அணிந்து, வருணனையைத் தாழ்ந்த ஒலியில் கேட்பதே அறிவுடைமை. ஆதலின், காதொலிப்பானைச் செருகும் துளை உள்ள வானொலியாகப் பார்த்து வாங்குக.

என் தந்தையார் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் பல்லாண்டு பணி செய்தவர். மாலையில் வீடு திரும்பியதும் செய்தி கேட்பார். ஆண்டுகள் செல்லச் செல்ல வானொலிப் பெட்டி அவர் செவியை நெருங்கி வந்தது. இறுதியில் செவியோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் தெருவில் இருந்தே செய்தியைக் கேட்போம், அவரோ, “என்ன சொல்கிறான்?” என்று எங்களைக் கேட்பார். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். இவ்வாறு ஓசையால் இழந்த செவிப்புலன் மீள்வதில்லை. அன்று காதைக் காக்கும் வழியை அவருக்கு எடுத்துக் கூறுவார் இல்லை. இன்று அறிந்தும் காவாதார் குற்றம் பெரிது.

நான்காவது, மின்கலம். பழைய வானொலிப் பெட்டிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. அவற்றைத் தூக்கிச் செல்லுதல் அரிது. 1947ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவாயிற்று. பார்டீன், பிராட்டன், ஷாக்லி என்னும் மூவரும் அதன் பொருட்டு 1956இல் நோபெல் பரிசு பெற்றனர். 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சிறிதளவு மின்சாரமே அதற்குப் போதும் ஆதலால், வானொலி மேசையை விட்டுக் கைக்கு வந்தது. இன்று மின்னேற்றிப் பயன்படுத்தும் வானொலிகள் மிகுதி. எனினும், மின்சாரம் இல்லாத இடத்தில் அவற்றின் மின்கலம் தீர்ந்தால் செய்வது ஒன்றும் இல்லை. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல்லைக் கொண்டு இயங்கும் வானொலியே இடர்க்காலத்தில் கை கொடுக்கும். நெடுநாள் பயன்படுத்தாதபோது செல்களைக் கழற்றி வைத்தல் வேண்டும். இல்லையேல் அவை கசிந்து பெட்டியைக் கெடுக்கும்.

வாங்கும் இடத்தில் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. சென்னை ரிச்சி தெருவில் மின்னணுக் கடைகள் நெருங்கியுள்ளன. கடைக்குள் கம்பிக் கட்டுமானமும் விளக்குகளும் பிற கருவிகளும் அலையைத் தடுமாறச் செய்யும். எனவே, கடைக்காரரின் இசைவு பெற்று வாயிலுக்கு வந்து கேட்டுப் பாருங்கள். பண்பலைக்கு உலோகக் கம்பியை நீட்டுக. மத்திய அலைக்கு அக்கம்பி பெரும்பாலும் பயன்படாது. பெட்டியையே மெல்லத் திருப்புதல் வேண்டும். அதனுள் இருக்கும் கருந்தண்டு ஒரு திசையில் நன்றாகவும், மற்றொரு திசையில் குறைவாகவும் அலையை ஏற்கும். அடுத்தடுத்துள்ள இரு நிலையங்களின் குரல்கள் கலவாமல் பிரிந்து கேட்கின்றனவா என்றும் நோக்குக. கண்ணை மூடிக்கொண்டு திருகுகளைத் தடவிப் பாருங்கள். இருளிலும் இயக்கத்தக்கதே நல்ல கருவி.

இருள் என்றதும் என் நினைவிற்கு வருவது 2016ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள். அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின. என்னிடமிருந்த பழைய கையடக்க வானொலி ஒன்றே பேசியது. அண்டை வீட்டார் அதனைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். திடீரெனக் காற்று அடங்கிற்று. “புயல் போய்விட்டது, விழுந்த மரத்தைப் பார்த்து வருவோம்” என்று சிறுவர் எழுந்தனர். அவ்வேளையில், புயலின் கண் கடந்தபின் மறுபுறமிருந்து காற்று மீண்டும் வீசும், ஒருவரும் வெளியே வர வேண்டா என்னும் எச்சரிக்கை வானொலியில் வந்தது. சிறுவர் அமர்ந்தனர். சற்று நேரத்தில் காற்று திசை மாறிச் சீறி எழுந்தது; எதிர்வீட்டுக் கூரைத் தகடு ஒன்று வாள்போலத் தெருவில் பறந்து சென்றது. அன்று அந்தச் சிறிய பெட்டியின் விலை இன்னதென்று எவரால் மதிப்பிட முடியும்?

2023ஆம் ஆண்டு திசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மோட்டார்ப் பந்தயம் நடத்த ஏற்பாடு செய்திருந்தனர். மிக்ஜாம் புயலால் அது தள்ளிவைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் நடைபெற்றது. பந்தயத்திற்கு வந்த அப்புயல் நம் அனைவர்க்கும் வரும். களிப்பிற்காக வாங்கும் வானொலி காப்பிற்கும் உதவுமாறு தேர்ந்து கொள்ளுதல் வேண்டும் என்பதற்கே இதனை ஈண்டு எடுத்துரைத்தேன்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன் மறுநாள் கடைக்குச் சென்றான். மாலையில் இரண்டு வானொலிகளுடன் என் இல்லத்திற்கு வந்தான். “ஒன்று லெ மானுக்கு, மற்றொன்று அம்மாவுக்கு. நான் கடலில் இருக்கும்பொழுது இங்கே மழையும் காற்றும் வந்தால் அவர்களிடம் ஒரு குரலாவது இருக்கட்டும், ஐயா” என்றான். கேட்டதன் பயனை அவன் நான் சொன்னதற்கும் மேலாக உணர்ந்திருந்தான். பெட்டியின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், எங்கே, எதற்காக, யாருக்காக என்று எண்ணித் தேர்பவனே பொருளின் பயனை முழுதும் பெறுவான்.