கொடைப் பணத்தின் பாதை – 6: மளிகைக் கடையின் பின்னறை

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிக் கிடக்கிறது ஜான்ஸ் தீவு. 1950-களில் அங்கே ஒரு கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போனால், அலுவலர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை நீட்டி வாசிக்கச் சொல்வார். போதிய சொத்தும் இல்லை, வாசிக்கவும் தெரியாது என்றால் ஓட்டும் இல்லை. ஒழுங்கான பள்ளிக்கூடம் தராத அரசுதான் இந்தத் தேர்வையும் வைத்தது.

ஈசா ஜென்கின்ஸ், தீவு மக்களை நகரத்து வேலைக்கு ஏற்றிச்செல்லும் பஸ்காரர். பஸ்ஸிலேயே அந்தச் சட்ட வரிகளைச் சொல்லிக் கொடுத்தார். நெட்டுருப் போட்டவர்கள் உண்டு, எழுத்துதான் பிடிபடவில்லை. ஆகவே, டென்னசியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலேண்டர் பள்ளியின் உதவியை நாடினார்.

ஹைலேண்டருக்கு அப்போது பணம் கொடுத்துவந்தது எமில் ஷ்வார்ட்ஸ்ஹாப்ட் அறக்கட்டளை. ஜெர்மனியிலிருந்து குடியேறி, மதுத் தொழிலில் சம்பாதித்தவர் ஷ்வார்ட்ஸ்ஹாப்ட். சாராயக் காசா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அது எப்படிச் செலவானது என்பதுதான் எனக்கு முக்கியம். முதலில் வேறு ஊர்களில் ஹைலேண்டர் செய்த முயற்சிகளில் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. இருந்தும் அறக்கட்டளை கையை மடக்கிக்கொள்ளவில்லை.

வகுப்புக்கு இடம் தரப் பள்ளிக்கூடமும் தேவாலயமும் பயந்தன. ஹைலேண்டர் கடன் கொடுக்க, ஜென்கின்ஸின் சங்கம் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது வெறும் கடை.

ஆசிரியராக வந்தவர் பெர்னிஸ் ராபின்சன், சிகை அலங்காரக்காரர். அவரை அனுப்பியவர் ஹைலேண்டரின் செப்டிமா கிளார்க். கறுப்பின உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956-ல் ஆசிரியர் வேலையைப் பறிகொடுத்தவர் கிளார்க். ராபின்சனின் வாடிக்கையாளர்களோ கறுப்பினப் பெண்கள். வேலையைப் பறிக்க அவருக்கு மேல் எந்த வெள்ளை முதலாளியும் இல்லை. இதைக் கணக்குப் போட்டுத்தான் ஆளைப் பிடித்திருக்கிறார்கள்!

1957 ஜனவரி. வயல் வேலை இல்லாத குளிர்காலம். 14 பேர் வந்தார்கள். கொண்டுபோன குழந்தைப் பாடங்கள் பெரியவர்களுக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார் ராபின்சன். கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அவையே பாடமாயின, கூடவே வாக்காளர் பதிவுக்கான சட்டப் பகுதியும். இந்தப் பாடத்திட்டத்தை எந்த அறக்கட்டளை அலுவலகத்திலும் எழுதியிருக்க முடியாது.

பக்கத்துத் தீவுகளுக்கும் வகுப்புகள் பரவின. 1961-ல் டென்னசி அரசு ஹைலேண்டரை மூடியது. சொன்ன காரணங்களில் ஒன்று, உரிமமின்றி பீர் விற்றார்களாம். சாராயக் காசை வாங்கியபோது வராத சிக்கல் பீரால் வந்தது!

அதற்குள் வகுப்புகள் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குக் கைமாறியிருந்தன. ஃபீல்ட் அறக்கட்டளை பணம் தர முன்வந்தது. ஆனால் கிங்கின் அமைப்புக்கு வரிவிலக்கு இல்லை. ஆகவே ஒரு திருச்சபை அமைப்பின் வழியாகப் பணம் போனது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பயிற்சி பெற்று, அவரவர் ஊரில் வகுப்பு எடுக்கத் திரும்பினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், மிஸிஸிப்பியின் பருத்தித் தோட்டத்துத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர்.

(தொடரும்)