வலியின்றி வரும் இரத்தம்: அலட்சியம் வேண்டாம்



சிறுநீரில் ஒரே ஒரு முறை இரத்தம் தென்படுகிறது. வலியில்லை, காய்ச்சலும் இல்லை. மறுநாள் தானாகவே நின்றுவிடுகிறது. 'உடம்புச் சூடுதான்' என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆயினும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகிறது.

இந்நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குப் புற்று சிறுநீர்ப்பையின் தசைச் சுவரை எட்டாத ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படுகிறது. சிறுநீர்த் துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலே கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால், எடுத்த கட்டி மீண்டும் முளைப்பது இந்நோயின் இயல்பு. சிலருக்கு அது தசைக்குள்ளும் பரவிவிடுகிறது. யாருக்குத் திரும்பும், யாருக்குப் பரவும் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா? மருத்துவ உலகம் நெடுநாளாக விடை தேடும் வினா இது.

இந்நோய் பெண்களைவிட ஆண்களை மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. புகைபிடித்தல் இதற்கு ஒரு முக்கிய காரணம். புகையிலைப் புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் தங்குகின்றன. சாயத் தொழிற்சாலைப் பணியும் ஒரு காரணமே. இதனை 1895-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சுட்டிக்காட்டினார். எனினும் ஆண், பெண் இடையிலான இவ்வேறுபாட்டை இவை முழுமையாக விளக்கவில்லை. எனவே அறிஞர்களின் பார்வை ஹார்மோன்களின்பால் திரும்பிற்று.

ஹார்மோன் ஒரு திறவுகோல் எனில், உயிரணுவில் அதனை ஏற்கும் பூட்டே 'ஏற்பி' ஆகும். மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளதா எனப் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்கின்றனர். சிறுநீர்ப்பைக் கட்டிகளிலும் ஆண்மை ஹார்மோனுக்குரிய ஆண்ட்ரோஜன் ஏற்பியும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் 'பீட்டா' வகையும் காணப்படுகின்றன. ஆண்ட்ரோஜன் ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் இரசாயனத்தைக் கொடுத்தும் சிறுநீர்ப்பைப் புற்று தோன்றவில்லை என்று 2007-இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. கட்டி முற்றும்போது ஆண்ட்ரோஜன் ஏற்பி குறைகிறது என்று பல ஆய்வுகள் கூறின. பீட்டா ஏற்பி உள்ள ஆரம்ப நிலைக் கட்டிகள் மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம் என்று சில கூறின; வேறு சில அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே இச்சோதனை இன்னும் அன்றாட மருத்துவத்தில் இடம்பெறவில்லை. கட்டிகளின் எண்ணிக்கை, மூன்று சென்டிமீட்டர் என்னும் அளவு, பரவிய ஆழம், உயிரணுக்களின் தன்மை, முன்பு திரும்பிய வரலாறு ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர்கள் அபாயத்தைக் கணிக்கின்றனர். அபாயம் மிகுந்தோருக்கு, காசநோய்த் தடுப்பூசியாக நாமறிந்த பி.சி.ஜி. மருந்தையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகின்றனர். 1976-இல் கனடாவின் டாக்டர் அல்வாரோ மொராலஸ் வெளியிட்ட இம்முறை இன்றும் பயன் தருகிறது.

சகோதரிகளே, உங்களுக்கு ஒரு சொல். பெண்களுக்கு இந்நோய் குறைவே. ஆனால் வந்தால், பெரும்பாலும் காலம் தாழ்ந்தே கண்டறியப்படுகிறது. இரத்தத்தை மாதவிடாய் என்றோ, சிறுநீர்த் தொற்று என்றோ எண்ணி நாள்களைக் கடத்துவது இதற்கு ஒரு காரணம். மருத்துவரிடம் சொல்ல நாணுவது மற்றொரு காரணம். தொற்றுக்கு மருந்துண்டும் இரத்தம் மீண்டும் தெரிந்தால், சிறுநீர்ப்பையை உள்நோக்கிப் பார்க்கும் சோதனை தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பின் காணும் இரத்தத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால், இன்றே அதனை விடச் செய்யுங்கள். கட்டி அகற்றப்பட்டவர் இருந்தால், நலமாகத் தோன்றினாலும் மறுபரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். ஏற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சி நாளை நல்ல விடை தரலாம். இன்று உயிர்காப்பது, முதல் துளி இரத்தத்தைக் கண்டவுடன் மருத்துவரை நாடும் நம் விழிப்புணர்வே!