கயிற்றின் முனையில் குழந்தை

ஹாலிஎலயிலிருந்து எல்ல நோக்கிப் புகைவண்டியில் சென்றோர் தெமோதரை வளையத்தை அறிவர். நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடு செல்லும் அவ்வட்டப் பாதையில், எஞ்சின் சென்ற வழியிலிருந்து பெட்டிகள் இம்மியும் பிசகுவதில்லை. தண்டவாளம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

விடுமுறையில் பெந்தோட்டைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அங்கே வேறொரு வண்டியைக் காண்கின்றனர். இயந்திரப் படகின் பின்னால், காற்றடைத்த இறப்பர் வளையமொன்றைக் கயிற்றில் கட்டிச் சிறுவரை ஏற்றி ஆற்றில் இழுப்பர். எஞ்சினும் பெட்டியும் போலத் தோன்றினும் நீரில் தண்டவாளம் இல்லை. படகு திரும்புங்கால், வளையம் அதன் வழியே செல்லாது, கவண்கல்லைப்போல் வெளிப்புறம் வீசப்பட்டுப் படகின் வேகத்தையும் விஞ்சிப் பாய்கிறது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ரால்ஃப் சாமுவேல்சன் தொடங்கிவைத்த நீர்ச்சறுக்கிலே, சறுக்குபவர் தம் கால்களால் ஓரளவு திசை திருப்பலாம். வளையத்திலுள்ள குழந்தைக்கோ சுக்கானுமில்லை, தடையுமில்லை. இறங்குதுறையோ வேறு படகோ குறுக்கிட்டால் அது விலக இயலாது.

இருவர் மூவரை நெருக்கி அமர்த்தும் வழக்கம் இன்னும் தீது. குலுங்கும்போது ஒருவர் தலை மற்றவர் தலையோடு மோதும். அண்ணனின் முழங்கை தம்பியின் முகத்தில் இடிக்கும்.

ஆகவே, படகோட்டியிடம் கூச்சமின்றிப் பேசுங்கள். திரும்புமிடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சிறுவரைத் தனித்தனியே அனுப்புங்கள். ஓட்டுபவர் முன்னே நோக்க, பின்னேயுள்ள குழந்தையை மட்டும் கவனிக்க இன்னொருவர் படகில் இருத்தல் வேண்டும். விழுந்த பிள்ளையை ஏற்றும்போது எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நீரினடியில் சுழலும் விசிறி கண்ணுக்குப் புலப்படாது. கயிற்றைக் கையில் சுற்றலாகாது.

ஓடையில் குளித்துப் பழகிய பிள்ளைகள் பலருக்கு ஆழத்தில் நீந்தத் தெரியாது. நீந்தத் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். அதன் பட்டிகளைப் பூட்டியபின் தோட்புறத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்; காதுவரை ஏறினால் அது அப்பிள்ளைக்கு உரிய அளவன்று. "இன்னும் வேகமாக!" என்று கரையில் நின்று கைகொட்டுவோர் பெரும்பாலும் நாமேதாம், அதையும் சொல்லியாக வேண்டும்.

தலையில் அடிபட்ட குழந்தை பின்னர் வாந்தியெடுத்தாலோ, வழக்கத்திற்கு மாறாக உறங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, மலையேறும் நெடும்பயணத்தைத் தொடங்காதீர்கள். அங்கேயே அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள். கழுத்து நோகிறதென்றால், உதவி வரும்வரை தலையைத் திருப்பாது, அசையாது கிடத்திவையுங்கள்.